ஆண்டிறுதியில் வெப்பக்கடல் கப்பல் பயணம்: எந்தக் கடலில் என்ன வானிலை?

கோலாலம்பூரில் வசிக்கும் ஒரு குடும்பத்தார் கேட்டிருக்கும் கேள்விக்கான பதில் இது. டிசம்பர் பள்ளி விடுமுறையிலோ அதை அடுத்து வரும் ஜனவரி, பிப்ரவரி மாதங்களிலோ உல்லாசக் கப்பலில் செல்ல விரும்புகிறார்கள். எழுபது வயதைக் கடந்த பெற்றோரும் இரண்டு சிறு பிள்ளைகளும் உடன் வருகிறார்கள். கிள்ளான் துறைமுகத்திலோ பினாங்கிலோ ஏறி லங்காவி, புக்கெட் சென்று திரும்பும் பயணம் ஒன்று; சிங்கப்பூரில் புறப்பட்டுத் தாய்லாந்து வளைகுடாவுக்கும் வியட்நாமுக்கும் செல்வது மற்றொன்று; டொரோண்டோவில் குடியேறிவிட்ட தங்கை வரச் சொல்லும் கரீபியன் பயணம் மூன்றாவது. மழையில் மாட்டிக்கொள்வோமா, குளிருமா, கப்பல் ஆடுமா என்று கேட்கிறார்கள்.

மூன்று கடல்களுமே அந்த மாதங்களில் வெதுவெதுப்பாகத்தான் இருக்கும். ஆகவே வெப்பநிலையைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டியதில்லை. மழையைப் பற்றிய கவலையும் பெரும்பாலும் தேவைக்கு மிஞ்சியதே. கப்பல் பயணத்தின் சுகத்தையும் அவதியையும் தீர்மானிப்பது காற்று. காற்று எந்தத் திசையிலிருந்து வருகிறது, அது உங்கள் கப்பலை அடைவதற்கு முன் எவ்வளவு தூரம் தடையின்றிக் கடல்மீது ஓடி வந்திருக்கிறது என்ற இரண்டையும் தெரிந்துகொண்டால் மற்றவை எல்லாம் தாமாகவே விளங்கிவிடும்.

நவம்பர் முதல் மார்ச் வரை நம் வட்டாரத்தை ஆள்வது வடகிழக்குப் பருவக்காற்று. சைபீரியாவிலும் சீனாவிலும் குளிர்ந்து கனத்த காற்று தெற்கு நோக்கிப் பாய்ந்து, தென்சீனக் கடல் முழுவதையும் கடந்து, வழியெல்லாம் ஈரத்தை உறிஞ்சிக்கொண்டு நம் தீபகற்பத்தின் கிழக்குக் கரையில் வந்து மோதுகிறது. கிளந்தான், திரெங்கானு, பகாங் மாநிலங்களில் அந்த மாதங்களில் வெள்ளம் வருவதும், பெர்ஹெந்தியான், ரெடாங், தியோமான் தீவுகளின் தங்கும் விடுதிகளில் பெரும்பாலானவை கதவடைப்பதும் இதனால்தான். அதே காற்று தீத்திவங்சா மலைத்தொடரை ஏறிக் கடந்து மேற்கே இறங்கும்போது ஈரத்தில் பெரும்பங்கை அங்கேயே கொட்டிவிட்டு வருகிறது. எனவே ஒரே காற்று கோத்தா பாருவுக்கு மழையையும் பினாங்கிற்கு வெயிலையும் தருகிறது. உங்கள் கப்பல் மலைக்கு எந்தப் பக்கம் போகிறது என்பதே நீங்கள் கேட்க வேண்டிய முதல் கேள்வி.

மேற்குப் பக்கத்தை முதலில் எடுத்துக்கொள்வோம். நம்மவர்களுக்கு இதை விளக்கப் பண்டிகைகளே போதும். தீபாவளி நேரத்தில் பினாங்கில் மழை இல்லாத வாரம் அரிது. தைப்பூசத்தன்று தண்ணீர்மலைக்குக் காவடி எடுத்துச் செல்கிறவர்களின் கால் சுடாமலிருக்கத் தார்ச்சாலையில் நீர் ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டியிருக்கிறது. இடையில் இருக்கும் மூன்று மாதங்களில் வானிலை அந்த அளவுக்கு மாறுகிறது. பினாங்கில் செப்டம்பர், அக்டோபர் மாதங்களின் சராசரி மழை தனித்தனியே 300 மி.மீ.க்கு மேல், ஜனவரியில் அது 100 மி.மீ.க்கும் கீழே இறங்கிவிடுகிறது. லங்காவி இன்னும் வறண்டது. புக்கெட்டிலும் டிசம்பர் முதல் மார்ச் வரை வறண்ட பருவம். ஜனவரியும் பிப்ரவரியும் அதன் உச்சம். பகல் வெப்பம் 31 முதல் 33 பாகை செல்சியஸ் வரையிலும், இரவில் 23 அல்லது 24 பாகையாகவும் இருக்கும். கடல்நீர் 28 பாகைக்குக் குறையாது. பிள்ளைகள் எவ்வளவு நேரம் நீரில் இருந்தாலும் நடுங்க மாட்டார்கள்.

அலையைப் பொறுத்தவரை மலாக்கா நீரிணை அந்தப் பருவத்தில் மிகவும் சாதுவானது. கிழக்கே தீபகற்பமும் மேற்கே சுமத்திராவும் அரண்போல் நிற்பதால் பெரிய அலை எழும்பத் தேவையான திறந்த நீர்ப்பரப்பு அங்கே இல்லை. பெரும்பாலான நாட்களில் அலை ஒரு மீட்டருக்குள்தான் இருக்கும். இன்றைய பெரிய கப்பல்களில் அதை உணரவே முடியாது. புக்கெட்டுக்கு அருகே அந்தமான் கடல் திறந்துகொள்கிறது என்றாலும், காற்று கரையிலிருந்து கடலை நோக்கி வீசுவதால் தீவின் மேற்குக் கரை அமைதியாகவே இருக்கும். பாத்தோங் கடற்கரைக்கு எதிரே நங்கூரமிட்டுப் பயணிகளைச் சிறு படகுகளில் கரைக்கு அனுப்புவது இந்த மாதங்களில்தான் நிம்மதியாக நடக்கிறது. தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மே முதல் அக்டோபர் வரையிலான காலத்தில் அதே கரையில் அலை எழும்பி, சிவப்புக் கொடி பறக்கும். சிமிலான் தீவுகளைத் தாய்லாந்து அரசு அக்டோபர் நடுப்பகுதி முதல் மே நடுப்பகுதி வரை மட்டும் திறந்துவைப்பதும் இந்தக் கணக்கில்தான்.

இன்னும் இரண்டு நன்மைகள் உண்டு. நீரிணையில் விடியற்காலையில் திடீரென்று பாய்ந்து வரும் சுமத்திராச் சூறைக்காற்றுகள் ஏப்ரலுக்கும் நவம்பருக்கும் இடைப்பட்ட காலத்துக்கு உரியவை; டிசம்பரிலிருந்து மார்ச் வரை அவை அரிது. சுமத்திராவில் காடும் கரிநிலமும் எரிவதால் வரும் புகைமூட்டமும் பொதுவாக ஜூன் முதல் அக்டோபர் வரைதான். கப்பலின் மேல்தளத்தில் நின்று சூரியன் மறைவதைப் பார்க்க விரும்புகிறவர்களுக்கு ஜனவரியைவிடத் தெளிந்த வானம் வேறு மாதத்தில் எளிதில் கிடைக்காது.

டிசம்பரை மட்டும் சற்றுக் கவனமாகப் பிரித்துப் பார்க்க வேண்டும். மாதத்தின் முற்பாதியில் நீரிணையின் தென்பகுதி, அதாவது கிள்ளான், மலாக்கா பகுதி, இன்னும் மழைப்பருவத்தின் வாலில்தான் இருக்கிறது. கோலாலம்பூரில் நவம்பர் மாதத்து மாலைகளில் எப்படி இடியுடன் கொட்டும் என்பது உங்களுக்குத் தெரியும். ஆனால் அந்த மழை நிலம் சூடேறுவதால் பிற்பகலில் நிலத்தின் மேல் உருவாவது. நடுக்கடலில் அதன் நேரம் வேறு. நீரிணையில் மழை பெரும்பாலும் நள்ளிரவுக்குப் பிறகும் விடியற்காலையிலும் பெய்து, காலை உணவு முடியும் நேரத்தில் கலைந்துவிடுகிறது. கிள்ளானில் மழையோடு கப்பல் ஏறியவர்கள் மறுநாள் லங்காவியில் வெயிலில் இறங்குவது சாதாரணமாக நடப்பது. நாள் பார்த்துத் தேர்ந்தெடுக்க வாய்ப்பிருந்தால், டிசம்பர் இருபதுக்கு முன்பு புறப்படும் பயணத்தைவிட ஜனவரி நடுவில் புறப்படுவதையே நான் சொல்வேன். பள்ளி விடுமுறைதான் தடை என்றால் டிசம்பரின் கடைசி வாரமும் தாழ்வில்லை.

புயல் பற்றிய அச்சத்துக்கும் நேர்மையான பதில் சொல்ல வேண்டும். பூமத்திய ரேகைக்கு அருகில் பூமியின் சுழற்சி காற்றைத் திருப்பும் விசை மிகவும் குறைவு. ஆகவே நம் கடலில் புயல்கள் எளிதில் உருவாவதில்லை. அரிதாக உருவாகவும் செய்கின்றன. 2001 டிசம்பர் 27-ஆம் தேதி வாமெய் என்ற புயல் பூமத்திய ரேகைக்கு ஏறத்தாழ ஒன்றரைப் பாகை வடக்கே உருவாகி ஜொகூரின் தென்கிழக்கில் கரையேறியது. 2019 ஜனவரி 4-ஆம் தேதி பாபுக் புயல் தாய்லாந்தின் நாக்கோன் சி தம்மராட்டில் கரையைக் கடந்து அந்தமான் கடலுக்குள் நுழைந்தபோது, சாமுய் உள்ளிட்ட தீவுகளுக்கான படகுப் போக்குவரத்து நின்றது. 2025 நவம்பர் இறுதியில் மலாக்கா நீரிணையிலேயே செனியார் என்ற புயல் உருவாகிச் சுமத்திராவில் பேரழிவை ஏற்படுத்தியது. பினாங்குவாசிகள் 2017 நவம்பர் 4, 5 தேதிகளின் பெருவெள்ளத்தை மறக்கவே முடியாது. இந்த நான்கு நிகழ்வுகளில் இரண்டு நவம்பரில் நடந்தவை என்பதைக் கவனியுங்கள். நவம்பரைத் தவிர்ப்பதற்கு அதுவே போதுமான காரணம். ஜனவரியில் புயல் வாய்ப்பு இல்லவே இல்லை என்று சொல்ல முடியாது. ஆனால் அது பயணத்தை ரத்து செய்யும் அளவுக்கு மனத்தை அலைக்கழிக்க வேண்டிய ஒன்றன்று. கப்பலுக்குக் கால்கள் உண்டு. புயல் வருகிறது என்றால் அது வழியை மாற்றிக்கொள்ளும், நிலத்தில் கட்டிய விடுதிக்கு அந்த வசதி இல்லை.

சிங்கப்பூரிலிருந்து கிழக்கே செல்லும் பயணம் முற்றிலும் வேறு. சிங்கப்பூர் நீரிணையை விட்டு வெளியேறி வடக்கே திரும்பியதும் கப்பல் பருவக்காற்றின் முகத்தில் நேராகச் சென்று நிற்கிறது. அந்தக் காற்று தாய்வானுக்கு அருகிலிருந்து ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் திறந்த கடலில் ஓடி வந்திருக்கிறது. அலையும் அதற்கேற்ப வளர்ந்திருக்கும். காற்று ஒரே சீராக வீசுவதில்லை. வடக்கே குளிர் அதிகரிக்கும்போது சில நாட்களுக்கு வேகம் கூடும், பிறகு தணியும். வேகம் கூடிய நாட்களில் தென்சீனக் கடலில் மூன்று மீட்டருக்கும் மேற்பட்ட அலை வழக்கமானதே. அப்போது மலேசிய வானிலை ஆய்வுத் துறையான மெட் மலேசியா விடுக்கும் பலத்த காற்று, கொந்தளிப்பான கடல் எச்சரிக்கையின் முதல் படியே மணிக்கு 40 முதல் 50 கி.மீ. காற்றையும் 3.5 மீட்டர் வரையிலான அலையையும் குறிக்கிறது. அது முதன்மையாக மீன்பிடிப் படகுகளுக்கும் சிறு கலங்களுக்கும் உரிய எச்சரிக்கை. பெரிய உல்லாசக் கப்பலுக்கு அதனால் ஆபத்து இல்லை; ஆனால் தாத்தா பாட்டிக்கு உணவு இறங்காது.

அந்த வழியில் ஒரு நுட்பம் இருக்கிறது. கப்பல் மணிக்கு 33 கி.மீ. வேகத்தில் செல்கிறது என்றும், எதிர்க்காற்று 35 கி.மீ. என்றும் வைத்துக்கொண்டால், மேல்தளத்தில் நிற்பவர் உணர்வது ஏறத்தாழ 70 கி.மீ. காற்று. நாற்காலிகள் கட்டிவைக்கப்படும், நீச்சல்குளத்துக்கு வலை போடப்படும், திறந்த தளங்களுக்குச் செல்லும் கதவுகள் மூடப்படும். வியட்நாமிலிருந்து திரும்பி வரும்போது அதே காற்று முதுகுப்பக்கம் வருவதால் தளத்தில் இலையசைவுகூடத் தெரியாது. வானிலை ஒன்றே, கப்பல் நோக்கும் திசை மட்டுமே மாறியது. மேலும், பெரிய கப்பல்களின் இருபுறமும் நீருக்கடியில் இருக்கும் துடுப்பு போன்ற நிலைப்படுத்திகள் பக்கவாட்டு ஆட்டத்தை வெகுவாகக் குறைக்கும். முன்னும் பின்னும் ஏறி இறங்கும் ஆட்டத்துக்கு அவற்றால் அதிகம் உதவ முடியாது. எதிரலையில் செல்லும்போது வருவது அந்த இரண்டாவது ஆட்டம்தான். ஆகவே அறை எடுக்கும்போது கப்பலின் நடுப்பகுதியில், கீழ்த்தளங்களில் எடுங்கள். முன்புறத்தில் உயரத்தில் இருக்கும் பால்கனி அறைகளுக்கு விலை அதிகமாக இருந்தாலும், ஏற்ற இறக்கம் கடுமையாகத் தெரிவது அங்கேதான்.

துறைமுகங்களும் அந்தப் பக்கத்தில் ஒன்றுபோல் இல்லை. ஹோ சி மின் நகரத்துக்கான பூ மை துறைமுகத்திலும், பாங்காக்கிற்கான லெம் சபாங் துறைமுகத்திலும் டிசம்பர் முதல் பிப்ரவரி வரை நல்ல வறண்ட வெயில் கிடைக்கும். ஆனால் சாமுய் தீவில் மழையின் உச்சம் நவம்பர். டிசம்பரிலும் அது முழுவதும் விடுவதில்லை. அங்கும் சிறு படகில்தான் கரையிறங்க வேண்டும் என்பதால், அலை அதிகமானால் கெப்டன் அந்த நிறுத்தத்தைக் கைவிட்டுவிடுவார். நடு வியட்நாமின் டா நாங், ஹுவே பகுதிகளில் மழைக்காலம் டிசம்பர் வரை நீளும். கப்பல் ஹாலோங் விரிகுடா வரை செல்லும் என்றால் அது வெப்பக்கடல் பயணமே இல்லை: ஜனவரியில் அங்கே 15 முதல் 20 பாகைதான், தூறலும் மூடுபனியும் சேர்ந்து அந்தப் புகழ்பெற்ற பாறைத் தீவுகளை மறைத்துவிடும் நாட்களும் உண்டு. ஸ்வெட்டர் இல்லாமல் அங்கே செல்லும் மலேசியர்கள் கடைத்தெருவில் முதலில் தேடுவது அதைத்தான்.

கரீபியனைப் பொறுத்தவரை, ஜனவரி அங்கே ஆண்டின் மிகச் சிறந்த மாதங்களில் ஒன்று. சூறாவளிப் பருவம் ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை. டிசம்பர் முதல் ஏப்ரல் வரை வறண்ட காலம். செயின்ட் தாமஸ், செயின்ட் மார்ட்டின், பார்படோஸ் போன்ற கிழக்குத் தீவுகளில் பகலில் 28, 29 பாகை. இரவில் 22, 23. கடல்நீர் 26 அல்லது 27. மழை வந்தால் பத்து நிமிடத்தில் பெய்து ஓய்ந்துவிடும். ஆனால் அங்கே கிழக்கிலிருந்து இடைவிடாமல் வீசும் வணிகக்காற்று டிசம்பரிலும் ஜனவரியிலும் வலுவடைகிறது. அங்குள்ளவர்கள் அதைக் கிறிஸ்துமஸ் காற்று என்றே அழைக்கிறார்கள். கடல் அமைதியில் நம் நீரிணையோடு அதை ஒப்பிட முடியாது. ஒன்றரை முதல் இரண்டரை மீட்டர் அலை அங்கே அன்றாடம். அருபாவுக்கும் கொலம்பியாவின் கார்த்தகேனாவுக்கும் இடைப்பட்ட கடல் அந்தப் பருவத்தில் எல்லாவற்றிலும் முரட்டுத்தனமானது. முதல்முறை கப்பல் ஏறும் முதியவர்களை அந்த வழியில் அழைத்துச் செல்ல வேண்டாம்.

கரீபியன் பயணத்தில் நம்மவர்கள் எதிர்பாராதது தீவுகளில் இல்லை, புறப்படும் இடத்தில் இருக்கிறது. மயாமியில் ஜனவரியின் சராசரி பகல் வெப்பம் 24, 25 பாகை, இரவில் 16. வட அமெரிக்காவிலிருந்து குளிர்முகம், அதாவது குளிர்காற்றுத் திரளின் முன்விளிம்பு, ஒன்று இறங்கினால் பத்துப் பாகைக்கும் கீழே செல்லும். பஹாமாஸ் தீவுகள் அந்தக் குளிர்முகங்களின் பாதையிலேயே இருப்பதால், அங்கே ஜனவரிக் கடல் 23, 24 பாகைதான். பினாங்குக் கடற்கரையான பத்து ஃபெரிங்கியில் குளித்துப் பழகிய பிள்ளைகளுக்கு அது குளிர்ந்த நீர். நியூயார்க்கில் புறப்படும் கப்பலானால் முதல் இரண்டு நாட்கள் உறையும் குளிரும் அட்லாண்டிக்கின் கொந்தளிப்பும் சேர்ந்தே வரும். கட்டணம் குறைவு என்பதற்காக அதை எடுக்கத் தங்கை யோசித்தால் தயவுசெய்து தடுத்துவிடுங்கள். மேற்குக் கரீபியனில் கேமன் தீவின் தலைநகருக்கும் நம் பினாங்கின் தலைநகரைப் போலவே ஜோர்ஜ் டவுன் என்றுதான் பெயர். அங்கே கப்பல் அணையும் மேடை கிடையாது. சிறு படகில்தான் இறங்க வேண்டும். குளிர்முகத்தோடு வடமேற்குக் காற்று வந்தால் பயணிகளைத் தீவின் தென்கரையில் இறக்குவார்கள், அல்லது அந்த நிறுத்தத்தையே விட்டுவிடுவார்கள். ஆகவே கரீபியனுக்குச் செல்வதானால் மயாமியிலோ, அதைவிட நல்லது புவெர்ட்டோ ரிக்கோவின் சான் ஹுவானிலோ ஏறி, தீவு விட்டுத் தீவு குறுகிய தூரங்களில் செல்லும் பயணத்தைத் தேர்ந்தெடுங்கள். சான் ஹுவானில் ஏறினால் கப்பல் முதல் நாளிலிருந்தே வெப்பமண்டலத்தில் இருக்கும்.

சூரிய ஒளியைப் பற்றியும் ஒரு வார்த்தை. பினாங்கில் டிசம்பர் இறுதியில்கூட நண்பகல் சூரியன் அடிவானத்திலிருந்து ஏறத்தாழ 61 பாகை உயரத்தில் நிற்கிறது. ஏப்ரல் முதல் வாரத்தில் தலைக்கு நேர்மேலே வந்துவிடும். பிப்ரவரியிலிருந்து கெடாவிலும் பெர்லிசிலும் வெயில் கொளுத்தத் தொடங்கும். மலேசியாவில் பதிவான மிக உயர்ந்த வெப்பமான 40.1 பாகை 1998 ஏப்ரல் 9-ஆம் தேதி பெர்லிசின் சுப்பிங்கில்தான் பதிவானது. கப்பல் தளத்தில் காற்று வீசிக்கொண்டே இருப்பதால் சூடு தெரியாது, ஆனால் தோல் வெந்துவிடும். பெரியவர்களுக்கு நீர்ச்சத்து குறைவதும் அப்படித்தான் தெரியாமலே நடக்கிறது. கப்பலின் உள்ளே நிலைமை நேர்மாறானது: உணவுக்கூடத்திலும் அரங்கத்திலும் குளிர்சாதனத்தை 21, 22 பாகையில் வைத்திருப்பார்கள். வெப்பக்கடல் பயணத்தில் உங்கள் பெற்றோர் உண்மையில் குளிரால் நடுங்கப் போவது அங்கேதான் என்பதால் ஆளுக்கொரு சால்வையும் காலுறையும் அவசியம். கரீபியனில் ஜனவரியில் மாலை ஆறு மணியளவிலேயே சூரியன் மறைந்துவிடும். ஏழு மணிக்குப் பிறகும் வெளிச்சம் பார்த்துப் பழகிய நாம் கரையில் சுற்றிப் பார்க்கும் நேரத்தை அதற்கேற்பத் திட்டமிட வேண்டும். புக்கெட்டில் கடிகாரம் நம்மைவிட ஒரு மணி நேரம் பின்னால் இருப்பதால் அங்கும் இதே கதைதான்.

எனவே உங்கள் குடும்பத்துக்கு என் பரிந்துரை, ஜனவரியிலோ டிசம்பர் கடைசி வாரத்திலோ பினாங்கு, லங்காவி, புக்கெட் வழி. தென்சீனக் கடல் பயணத்தை மார்ச் இறுதிக்கோ ஏப்ரலுக்கோ ஒத்திவையுங்கள். அப்போது காற்று தணிந்து அந்தக் கடல் வேறு கடலாக இருக்கும்.

புறப்படுவதற்கு ஒரு வாரம் முன்பிருந்து வானிலையைப் பார்க்கத் தொடங்கினால் போதும். அதற்கு முன்பு கைப்பேசி காட்டும் மழைச் சின்னங்களுக்குப் பெரிய மதிப்பில்லை. நம் வட்டாரத்தில் எந்த நாளுக்கும் அது இடியையும் மேகத்தையும் காட்டிக்கொண்டேதான் இருக்கும். மாறாக மெட் மலேசியாவின் கடல் முன்னறிவிப்பைத் திறந்து, புக்கெட், மலாக்கா நீரிணையின் வடபகுதி என்று பெயரிட்ட பகுதிகளில் காற்றின் வேகத்தையும் அலை உயரத்தையும் பாருங்கள். தென்சீனக் கடல் பக்கத்துச் சாமுய், தியோமான், கொண்டோர் பகுதிகளுக்கு எச்சரிக்கை இருந்தாலும் அது உங்கள் வழியைப் பற்றியதன்று. கடல் மயக்கத்துக்கான மாத்திரை தூக்கத்தைத் தரும், சில இரத்த அழுத்த மருந்துகளோடும் ஒத்துப்போகாது. பெற்றோருக்கு வாங்கும் முன் மருத்துவரிடம் கேளுங்கள். கடைசியாக, கப்பல் நிறுவனம் எந்தத் துறைமுகத்துக்கும் உறுதி தருவதில்லை, வானிலைக்காக நிறுத்தத்தை மாற்றும் உரிமை கெப்டனுக்கு உண்டு. புக்கெட்டில் நீங்களே தனியாகப் படகுச் சவாரிக்கு ஏற்பாடு செய்வதானால், கப்பல் அங்கே நிற்காமல் போனால் முன்பணம் திரும்பக் கிடைக்குமா என்பதை எழுத்தில் வாங்கிக்கொண்ட பிறகு பணம் கட்டுங்கள்.